உங்களுக்குத் தெரியுமா? செம்புக்கு ஓர் உடும்புப்பிடி

செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளவென்று ஆகிவிடும். கருத்துப்போயிருந்த மேற்பரப்பு எங்கே போயிற்று? புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்தது. கரைந்து வந்த செம்பு அயனிகளைத் தன் ஆக்சிஜன் கைகளால் பற்றிக்கொண்டு தண்ணீரோடு போய்விட்டது. செம்பைப் பிடிக்கும் மூலக்கூறு நம் வீட்டுக் கிணற்றடியில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்து வந்திருக்கிறது. அதே வேலையை மனித ரத்தத்துக்குள், கதிரியக்கச் செம்பை வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் கை நழுவாமல் செய்ய வேண்டும் என்றால்? இந்த முறை துணுக்குகள் எல்லாம் அதைப் பற்றித்தான்.

● உலோக அயனியைப் பல கைகளால் சுற்றி வளைத்துப் பிடிக்கும் மூலக்கூறுக்குக் 'கீலேட்' என்ற பெயரை 1920-இல் சூட்டியவர்கள் மார்கன், ட்ரூ என்ற இரு வேதியியலாளர்கள். கிரேக்க மொழியில் 'கீலே' என்றால் நண்டின் கொடுக்கு. தமிழில் 'கொடுக்கிணைப்பு' என்று அழகாகச் சொல்கிறோம். இதில் ஒரு பொருத்தம் உண்டு. நண்டின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது நம்மைப் போல இரும்பு அல்ல, செம்புதான். ஹீமோசயனின் என்ற அந்தப் புரதத்தில் இரண்டு செம்பு அணுக்களை ஆறு ஹிஸ்டிடின் கைகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஆக்சிஜன் ஏறியதும் ரத்தம் நீலமாகும். கொடுக்கைக் கொடுத்த பிராணி, செம்பைப் பிடிக்கும் வித்தையையும் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது.

● இயற்கையில் நிலையான செம்பு இரண்டே வகை: 63, 65. இரண்டுக்கும் நடுவில் உட்காரும் 64 மட்டும் நிலைகொள்ளாது. அதன் அரை ஆயுட்காலம் 12.7 மணி நேரம். அது சிதைவதற்கு ஒரே வழி அல்ல, மூன்று வழிகள் உண்டு. 100 அணுக்கள் சிதைந்தால் சுமார் 18 பாசிட்ரானை வெளியே விடும். சுமார் 38 எலெக்ட்ரானை வெளியே விடும். மீதி, தன் எலெக்ட்ரானைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். படம் எடுக்க உதவுவது அந்தப் 18 தான். வெளியேறிய பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, இரு காமாக் கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் பாயும். பெட் ஸ்கேன் கருவியின் வளையம் அந்த ஜோடியைப் பிடித்து, அது கிளம்பிய இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிடும்.

● இதே மாதிரிப் படமெடுக்கப் பயன்படும் காலியம்-68-இன் அரை ஆயுட்காலம் வெறும் 68 நிமிடம். இன்று காலை தயாரித்ததை நாளைக் காலை எடுத்தால் 20 லட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. செம்பு-64 என்றால் கால் பங்குக்கு மேல் அப்படியே இருக்கும். ஓர் ஊரில் தயாரித்து, விமானத்தில் ஏற்றி, சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இல்லாத இன்னோர் ஊரின் மருத்துவமனைக்கு அனுப்ப இந்த வேறுபாடு போதும். எனக்கு இந்தச் செம்பு பிடித்துப்போனதற்கு முதல் காரணமே இதுதான். பெரிய நகரத்தில் இல்லாத நோயாளிக்கும் இது போய்ச் சேரும்.

● செம்பு-64-ஐச் செய்வது நிக்கலிலிருந்து. நிக்கல்-64 என்ற வகைமேல் சைக்ளோட்ரானில் முடுக்கிய புரோட்டான்களை மோதவிட்டால், புரோட்டான் உள்ளே போகும், நியூட்ரான் வெளியே வரும், நிக்கல் செம்பாகும். சிக்கல் என்னவென்றால், இயற்கை நிக்கலில் இந்த வகை 100-இல் ஒரு பங்குகூடக் கிடையாது. பிரித்தெடுத்துச் செறிவூட்டிய நிக்கல்-64 மிக விலை உயர்ந்தது. அதைத் தங்கத் தகட்டின்மேல் மெல்லிய பூச்சாகப் படியவைத்து மோதவிடுவார்கள். பிறகு அமிலத்தில் கரைத்துச் செம்பைத் தனியே பிரித்துவிட்டு, மிஞ்சிய நிக்கலை மறுபடி சேகரித்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வார்கள். இந்த மூலப்பொருளில் பெரும்பகுதி வீணாவதில்லை.

● ஒரு நோயாளிக்கு ஏற்றும் செம்பு எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வழக்கமான அளவு 148 மெகாபெக்கரல். அதாவது வினாடிக்கு 14.8 கோடி அணுக்கள் சிதையும். எண் பெரிதாகத் தெரிகிறது. எடையாக மாற்றிப் பார்த்தேன், சுமார் ஒரு நானோகிராம் வந்தது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. வளர்ந்த மனிதர் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் சாதாரணச் செம்பு சுமார் 100 மில்லிகிராம். ஏற்றுவது அதில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. செம்பின் அளவால் நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

● அந்தக் கவலை இதுதான். நம் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் ஏராளம். அதன் ஒரு நுனியில் செம்பைப் பிடிக்க என்றே ஒரு மடி உண்டு. ஏற்றிய நானோகிராம் செம்பு ஐந்து லிட்டர் ரத்தத்தில் பரவியபின் கணக்குப் போட்டால், ஒவ்வொரு கதிரியக்கச் செம்பு அணுவுக்கும் எதிரே சுமார் 10 கோடி அல்புமின் மூலக்கூறுகள் கை நீட்டி நிற்கும். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி கை விட்டால் போதும், கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். திரும்பத் தேடிப் பிடிக்க முடியாது.

எனவே செம்பைப் பிடிக்கும் மூலக்கூறுகளை வடிவமைப்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்று, பிடியின் வலிமை. சமநிலையில் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள், எத்தனை பேர் விட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு அது. இன்னொன்று, விடாத்தன்மை. ஒருமுறை பிடித்தபின் கை நழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு. சோதனைக் குழாயில் முதலாவது போதும். கை நழுவினாலும் பக்கத்திலேயே இருப்பதால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். உடம்புக்குள் மறுபடி என்பதே கிடையாது. வலிமை எண் மிகப் பெரிதாக இருந்தும் உடம்புக்குள் செம்பைத் தொலைத்த மூலக்கூறுகள் பல உண்டு. இந்தத் துறை பல ஆண்டுகள் செலவழித்துக் கற்ற பாடம் இது என்பேன்.

● நீரில் கரைந்த செம்பு அயனியைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறு, வினாடிக்கு நூறு கோடி தடவைக்கு மேல் இடம் மாறும். உலோக அயனிகளிலேயே மிகவும் அவசரக்காரர்களில் ஒன்று செம்பு. இதைத்தான் மணிக்கணக்கில் உட்கார வைக்க வேண்டும்.

● அந்த அவசரத்துக்குக் காரணம் செம்பு அயனியின் வெளித் துணைக்கூட்டில் இருக்கும் ஒன்பது எலெக்ட்ரான்கள். அவை சமமாகப் பரவி உட்கார முடியாததால், ஆறு கைகள் ஒரே அளவில் பிடித்தாலும் உருவம் ஒரு பக்கம் இழுபடும். நான்கு கைகள் நெருக்கமாகவும், மேலும் கீழும் உள்ள இரண்டு கைகள் தள்ளியும் நிற்கும். தள்ளி நிற்கும் அந்த இரண்டு வழியாகத்தான் வருவதும் போவதும். இதை விளக்கிய யான், டெல்லர் இருவரின் பெயரால் இதை யான்-டெல்லர் திரிபு என்கிறார்கள்.

● பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவை அதிகமாக ஊற்றினால் வெளிர்நீலம் போய் ஆழ்ந்த கருநீலம் வரும். "செம்பு உறுதி" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். அங்கே நடந்தது என்னவென்றால், நான்கு அம்மோனியா மூலக்கூறுகள் தங்கள் நைட்ரஜனால் செம்பை நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டன. செம்புக்கு நைட்ரஜன் மேல் இருக்கும் பிரியத்தை அந்த நிறமே சொல்லிவிடுகிறது. இப்போது அதே குழாயில் கொஞ்சம் அமிலம் விட்டுப் பாருங்கள். கருநீலம் மறைந்துவிடும். அமிலத்தின் புரோட்டான்கள் நைட்ரஜனைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள, செம்பு தனியே நிற்கும். தனித்தனி ஆட்களாக நின்று பிடித்தால் இப்படித்தான். நால்வரையும் ஒரே வளையமாகக் கைகோத்து நிற்கவைத்தால் என்ன ஆகும்? வேதியியலாளர்கள் கேட்ட கேள்வி அது.

● விடை 1969-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கேபினஸ், மார்கரம் இருவரும் ஒரே மாதிரியான நான்கு நைட்ரஜன்களைத் திறந்த சங்கிலியாகவும் மூடிய வளையமாகவும் வைத்துச் செம்பைப் பிடிக்கச் சொன்னார்கள். வளையத்தின் பிடி சுமார் 10,000 மடங்கு உறுதியாக இருந்தது. கைகளின் எண்ணிக்கை அதே நான்கு. முனை திறந்திருந்தால் ஒவ்வொரு கையாக அவிழ்ந்துகொண்டே வரலாம், வளையத்தில் அவிழ்க்க நுனியே இல்லை. இதற்குப் 'பெருவளைய விளைவு' என்று பெயர். இன்றைய மருத்துவப் படமெடுப்பில் செம்பைப் பிடிக்கும் முக்கியமான மூலக்கூறுகள் ஏறத்தாழ எல்லாமே இந்த வளையங்களின் வாரிசுகள்.

● அந்த வளையங்களில் ஒரு குடும்பம் எதிர்பாராமல் கிடைத்தது. நியூசிலாந்தின் வெலிங்டனில் நீல் கர்டிஸ், இரண்டு நைட்ரஜன் கொண்ட எத்திலீன்டையமீன் பிடித்த நிக்கல் உப்பை அசிட்டோனில் போட்டார். அசிட்டோன் வெறும் கரைப்பானாக ஒதுங்கி நிற்கும் என்பதே எல்லோரும் எதிர்பார்ப்பது. அது நைட்ரஜன்களோடு வினைபுரிந்து, நிக்கலைச் சுற்றி ஒரு முழு வளையத்தையே பின்னிவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் வெளிவந்த இந்த ஆய்விலிருந்துதான் உலோகத்தை நடுவில் நிறுத்தி அதைச் சுற்றிக் கூண்டு கட்டும் வழி பலருக்குப் புலப்பட்டது.

● படமெடுக்கும் மருந்தில் மூன்று பாகங்கள்: புற்றுச்செல்லைத் தேடிப் போகும் முகவரிச் சீட்டு, செம்பைச் சிறை வைக்கும் கூண்டு, இரண்டையும் இணைக்கும் கயிறு. முகவரிச் சீட்டு சிறு பெப்டைடாகவும் இருக்கலாம், பெரிய எதிர்ப்புரதமாகவும் இருக்கலாம். கூண்டு நழுவினால் முகவரிச் சீட்டு மட்டும் கட்டியைப் போய்ச் சேரும், வெளிச்சம் வேறெங்கோ தெரியும்.

● வேறெங்கோ என்றால் பெரும்பாலும் கல்லீரல். உடம்பின் செம்புக் கிடங்கு அதுதான். டெட்டா என்ற வளையத்தில் கட்டிய செம்பு-64 மருந்தை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, கல்லீரலில் செம்பு தன் கூண்டை விட்டு சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதிக்குள் போய் உட்கார்ந்திருந்ததை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த நொதிக்கு இயல்பிலேயே செம்பு வேண்டும். அது ஒன்றும் தவறு செய்யவில்லை, கிடைத்ததை எடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஈஸ்ட் செல்களில் நடந்த ஆய்வு ஒன்று, ஒரு செல்லுக்குள் யாரிடமும் சேராமல் சும்மா திரியும் செம்பு அயனி ஒன்றுகூட இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தது. அவ்வளவு கணக்காக உடம்பு செம்பைப் பங்கிட்டு வைத்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள் பரவும்போது அடிக்கடி போய்ச் சேரும் இடமும் கல்லீரல்தான். நழுவிய செம்பு அங்கே பின்னணியெங்கும் ஒளிர்ந்தால், சின்னஞ்சிறு கட்டி அந்த வெளிச்சத்தில் கரைந்துவிடும். மருத்துவர் கண்ணுக்குத் தப்பிவிடும். வேதியியலாளர் கூண்டின் ஒரு கம்பியைச் சரியாக வளைப்பதும், நோயாளிக்குச் சரியான சிகிச்சை முடிவாவதும் ஒரே நூலில் கட்டப்பட்டவை.

● முன்பெல்லாம் சர்க்கரை நோயைக் கண்டறிய, நீல நிற பெனடிக்ட் கரைசலில் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவார்கள். சர்க்கரை இருந்தால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறமாகும். அந்த நீலம், சிட்ரேட் பிடித்து வைத்திருக்கும் செம்பு. சர்க்கரை அதற்கு ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்ததும் இரட்டை மின்னூட்டச் செம்பு ஒற்றை மின்னூட்டச் செம்பாகி, பிடியை விட்டு நழுவி, சிவந்த ஆக்சைடாகக் கீழே படியும். அந்தச் சோதனையின் வெற்றியே செம்பு நழுவுவதில்தான் இருந்தது. படமெடுக்கும் மருந்துக்கு அதே நிகழ்ச்சி தோல்வி. செல்லுக்குள் எலெக்ட்ரான் கொடுக்கும் பொருள்கள் நிறைய உண்டு. ஒற்றை மின்னூட்டச் செம்பு வேறு உருவம் கேட்கும், வேறு கைகளை விரும்பும். பழைய கூண்டு அதற்குப் பொருந்தாமல் போகும். ஆகவே நல்ல கூண்டு என்பது அமிலத்துக்கும் அசையக்கூடாது, எலெக்ட்ரானுக்கும் இடம் கொடுக்கக்கூடாது.

● டோட்டா என்ற வளையம் எம்.ஆர்.ஐ. படத்துக்கான காடோலினியத்தை அற்புதமாகப் பிடிக்கும். செம்பு அதைவிடச் சிறிய அயனி. தாத்தாவின் சட்டையைப் பேரன் போட்டுக்கொண்ட மாதிரி அதில் தொளதொளவென்று இருக்கும். ஒரு நைட்ரஜன் குறைந்த சிறிய வளையமான நோட்டா செம்புக்கு இன்னும் நெருக்கம். (தேர்தலில் வரும் நோட்டா வேறு, இது வேறு.) சூடாக்காமல் அறை வெப்பத்திலேயே செம்பை வாங்கிக்கொள்வது இதன் பெரிய வசதி.

● ஒரு கூண்டு எவ்வளவு விடாப்பிடியானது என்று எப்படிச் சோதிப்பது? அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு 90 டிகிரியில் சூடாக்குவார்கள். பாதிச் செம்பு நழுவ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். டோட்டா மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. டெட்டா நாலரை நிமிடம். சிபி-டிஇ2ஏ என்று பெயரிட்ட ஒன்று 154 மணி நேரம் தாங்கியது. ஆறு நாளுக்கு மேல்! முக்கியமான வேறுபாடு ஒரு சிறு பாலம்தான். வளையத்தின் எதிரெதிர் நைட்ரஜன்களுக்கு நடுவே இரண்டு கார்பன்களால் ஒரு குறுக்குப் பாலம் போட்டார்கள் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் கேரி வைஸ்மனும் எட்வர்ட் வாங்கும். வளையம் விரிந்து கொடுக்க முடியாமல் இறுகிவிட்டது. செயின்ட் லூயிஸில் இருந்த கரோலின் ஆண்டர்சன் குழு அதைச் செம்பு-64 மருந்துகளுக்குக் கொண்டுவந்தது.

ஆனால் இறுக்கமான கதவு உள்ளே நுழையும்போதும் இறுக்கம்தான். அந்தக் கூண்டுக்குள் செம்பைப் புகுத்த 95 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருந்தது. பெப்டைடு அதைத் தாங்கும். எதிர்ப்புரதம் தாங்காது, கொதிநீரில் முட்டை வெள்ளைக்கரு என்ன ஆகிறதோ அதுதான் அதற்கும். எளிதில் நுழையவும் வேண்டும், ஒருபோதும் வெளியேறவும் கூடாது. இந்த முரண்பாட்டோடுதான் இந்தத் துறை இன்றுவரை மல்லுக்கட்டுகிறது. கூண்டின் ஒரு கையை மாற்றி, அங்கே பாஸ்பரஸ் கொண்ட அமிலக் கை ஒன்றை வைத்தால் அறை வெப்பத்திலேயே செம்பு நுழைகிறது என்று பின்னர் கண்டார்கள்.

● முரண்பாட்டுக்கு எனக்குப் பிடித்த விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கான்பெராவில் ஆலன் சார்ஜசன், கோபால்ட் அயனியை நடுவில் நிறுத்தி அதை மூன்று எத்திலீன்டையமீன்களால் சுற்றி, பிறகு மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி போட்டார். 1977-இல் அப்படிப் பிறந்த முதல் கூண்டுக்கு அவர் வைத்த பெயர் 'செபல்க்ரேட்'. செபல்கர் என்றால் கல்லறை. அடுத்து வந்தது 'சார்கோபஜீன்'. சார்கோபகஸ் என்பது பழங்காலத்தார் இறந்தவர்களை வைத்த கற்பேழை. நம் நாட்டில் சுடுமண்ணால் செய்த ஈமப்பேழைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றனவே, அவற்றின் உறவு. உள்ளே போனது எளிதில் வெளியே வராது என்பதுதான் பெயரின் பொருள். கோபால்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செம்பை வைக்கலாம். ஆறு நைட்ரஜன்கள் ஆறு பக்கமும் பிடிக்கும். ஆச்சரியம் என்னவென்றால், செம்பு அறை வெப்பத்திலேயே சில நிமிடங்களில் உள்ளே போய்விடுகிறது. மெல்பர்னில் பால் டொனெல்லியின் குழு இந்தக் கூண்டைப் பெப்டைடுகளோடு இணைத்தது. அப்படிப் பிறந்த மருந்துகள் இப்போது மனிதர்களிடம் மருத்துவ ஆய்வில் இருக்கின்றன.

கூண்டு கட்டியவர் சார்ஜசன் 2008-இல் காலமானார். அவர் அதைக் கட்டியது புற்றுநோய்க்காக அல்ல. உலோகம் எப்படி எலெக்ட்ரானைக் கைமாற்றுகிறது என்று அறியும் ஆசைக்காக. அடிப்படை ஆய்வுக்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் எடுத்துச் சொல்லும் கதை இது.

● கூண்டின் மின்னூட்டமும் முக்கியம். நேர் மின்னூட்டம் மிஞ்சிய செம்புக் கூண்டுகள் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் ஒட்டிக்கொண்டு தங்கும் போக்குடையவை. இரண்டு அமிலக் கைகளைச் சேர்த்து மின்னூட்டத்தைச் சரிக்கட்டினால் சீக்கிரம் வெளியேறும்.

● மழை பெய்தால் சாயம் போகும் என்று ஒரு பறவையைப் பற்றிச் சொல்வதுண்டு. ஆப்பிரிக்காவின் டுராக்கோ. அதன் இறகின் சிவப்பு உண்மையிலேயே காரம் கலந்த நீரில் கரையும். அந்தச் சாயத்தில் செம்பு இருப்பதை 1869-இல் ஆர்தர் சர்ச் கண்டறிந்தார். நம் ரத்தத்தில் இரும்பைப் பிடித்திருக்கும் அதே போர்பிரின் வளையக் குடும்பம், அந்த இறகில் செம்பைப் பிடித்திருக்கிறது. சாயம் கரைந்தாலும் செம்பு வளையத்தை விடுவதில்லை. இயற்கை கட்டிய கூண்டு அது.

● மருந்துக் கதைகளில் இப்படியும் ஒன்று. எச்.ஐ.வி. கிருமியை எதிர்க்குமா என்று பார்க்க, நான்கு நைட்ரஜன் வளையமான சைக்ளாமைச் சோதித்தார்கள். ஒரு மாதிரி நன்றாக வேலை செய்தது. தேடிப் பார்த்தால் வேலை செய்தது சைக்ளாம் அல்ல. அதில் கலந்திருந்த ஒரு மாசு, இரண்டு வளையங்கள் ஒட்டிக்கொண்ட இரட்டைச் சைக்ளாம். அந்த வழியில் வந்த பிளெரிக்சஃபோர், எலும்பு மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை ரத்தத்துக்குக் கொண்டுவரும் மருந்தாக 2008-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பி பல புற்றுச்செல்களில் மிகுதியாக இருப்பதால், அந்த வளையத்துக்குள்ளேயே செம்பு-64-ஐ வைத்துப் படமெடுத்தும் பார்த்திருக்கிறார்கள். முகவரிச் சீட்டும் கூண்டும் ஒன்றேயான அபூர்வ மூலக்கூறு.

● எல்லாக் கூண்டும் பூட்டியே இருக்க வேண்டுமா? இல்லை. ஏ.டி.எஸ்.எம். என்ற மூலக்கூறை ஜப்பானின் ஃபுஜிபயாஷி குழு 1997-இல் வேறு எண்ணத்தோடு அறிமுகப்படுத்தியது. நைட்ரஜன் இரண்டு, கந்தகம் இரண்டு என்று நான்கு கைகள். செம்போடு சேர்ந்து எளிதாகச் செல்லுக்குள் போகும், வெளியே வரும். ஆக்சிஜன் குறைந்த செல்லில் மட்டும் செம்பு எலெக்ட்ரானை வாங்கிக்கொண்டு நழுவி அங்கேயே தங்கிவிடும். கட்டியின் மூச்சுமுட்டும் பகுதிகளைப் படத்தில் காட்டுவது இப்படித்தான். அந்தப் பகுதிகள் கதிர்வீச்சு சிகிச்சைக்கு எளிதில் மசியாதவை என்பதால் அவை எங்கே இருக்கின்றன என்று தெரிவது முக்கியம். மற்ற கூண்டுகளின் குறையாகச் சொன்ன அதே நழுவலை, இங்கே வேலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

● செம்பு-64 கொண்ட டோட்டாடேட் என்ற மருந்து, நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளைப் படமெடுக்க 2020 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் இருக்கும் கூண்டு எது? டோட்டா! அமிலத்தில் மூன்று நிமிடம் தாங்காத அதே தொளதொளச் சட்டை. முதலில் இதைப் படித்தபோது எனக்கும் திகைப்புத்தான். விளக்கம் உண்டு. பெப்டைடு சிறியது, விரைவாகக் கட்டியைப் போய்ச் சேரும், மீதி சிறுநீரில் போய்விடும். படம் எடுப்பது ஊசி போட்ட 45 முதல் 90 நிமிடத்துக்குள். அதற்குள் நழுவுவது கொஞ்சம்தான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 59 நோயாளிகளுக்கு இதையும் காலியம்-68 மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டபோது, செம்பு கூடுதலான கட்டிப் புள்ளிகளைக் காட்டியது. செம்பின் பாசிட்ரான் குறைந்த ஆற்றல் உடையது. பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாமல் அடங்குவதால் படம் கூர்மையாக விழுகிறது.

அதற்காக டோட்டா போதும் என்று இருந்துவிட முடியாது என்பது என் கருத்து. எதிர்ப்புரதங்கள் கட்டியில் சேர நாள்கணக்கில் ஆகும். அங்கே ஒவ்வொரு மணி நேர நழுவலும் கணக்கில் ஏறும்.

● இதே செம்புக்கு 67 என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. அரை ஆயுட்காலம் 61.8 மணி நேரம். அது வெளியிடும் எலெக்ட்ரான்கள் புற்றுச்செல்லை அழிக்கப் பயன்படும். வேதியியலில் 64-க்கும் 67-க்கும் வேறுபாடு இல்லை, அதே கூண்டு, அதே முகவரிச் சீட்டு. முதலில் 64-ஐ அனுப்பிக் கட்டி எங்கே என்று பார்த்துக்கொண்டு, பிறகு 67-ஐ அனுப்பி அதே இடத்தில் தாக்கலாம். குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற கொடிய புற்றுநோயில் சார்கோபஜீன் கூண்டோடு இந்த ஜோடியை ஆய்வு செய்து வருகிறார்கள். இங்கே கூண்டு நழுவினால் கெடுவது படம் மட்டும் அல்ல. சிகிச்சைக் கதிர் நலமான கல்லீரலிலும் மஜ்ஜையிலும் விழும்.

● செம்பை உள்ளே அனுப்பக் கற்பதற்கு முன்பே, வெளியே எடுக்கும் வழி கண்டிருந்தார்கள். வில்சன் நோயில் செம்பு கல்லீரலிலும் மூளையிலும் சேர்ந்துகொண்டே போகும். 1956-இல் ஜான் வால்ஷ், பெனிசிலினிலிருந்து கிடைக்கும் பெனிசிலமைன் என்ற பொருள் செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் என்று காட்டினார். அந்த நோயில், வாயால் சாப்பிடும் மாத்திரை ஒன்று ஆயுளைக் காத்தது.

● ஒருநாள் கழித்து, இரண்டு நாள் கழித்து, ஏற்றிய அந்த ஒரு நானோகிராம் செம்பு என்ன ஆகும்? 100 அணுக்களில் சுமார் 62 மறுபடி நிக்கலாகும், சுமார் 38 துத்தநாகமாகும். புறப்பட்ட நிக்கல்-64-க்கே பாதிக்கு மேல் திரும்பிவிடுகிறது.

● கடைசியாக வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்பில் அணைவு வேதியியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஈனி, அணைவு எண், கொடுக்கிணைப்பு என்று பெயர்களை மனப்பாடம் செய்துவிட்டு மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். அடுத்த முறை மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவை ஊற்றி அந்தக் கருநீலத்தைக் காட்டும்போது, இது போன்ற நைட்ரஜன்களை வளையமாக்கி, பாலம் போட்டு, மூடி வைத்துத்தான் ஒரு குழந்தையின் புற்றுநோயைத் தேடுகிறார்கள் என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள்.